எக்கினேசியா: புல்வெளியிலிருந்து பூந்தோட்டத்துக்கு

வட அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளரும் எக்கினேசியா என்னும் தாவரப் பேரினம், சூரியகாந்தியும் செவ்வந்தியும் கரிசலாங்கண்ணியும் அடங்கிய ஆஸ்டரேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. விளிம்பில் உள்ள இதழ்கள் கீழ்நோக்கித் தாழ, நடுப்பகுதி மட்டும் கூம்பாக உயர்ந்து நிற்பதால் கூம்புப்பூ என்று அழைக்கப்படும் இத்தாவரங்களுள் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் ஊதாக் கூம்புப்பூவை லின்னேயஸ் 1753இல் ருட்பெக்கியா என்னும் வேறொரு பேரினத்துக்குள் வைத்திருந்தார். ஜெர்மானியத் தாவரவியலாளர் கொன்ராட் மோன்ஷ் 1794இல் அதைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கினார். இப்பேரினத்தில் ஒன்பது இனங்கள் உண்டு என்று 1968இல் மெக்கிரகர் வகுத்த பிரிவையே தோட்டக்கலையாளர் பலர் இன்றும் பின்பற்றுகின்றனர். 2002இல் வெளிவந்த மறுவகைப்பாடு ஒன்று அவற்றை நான்கு இனங்களாகச் சுருக்கியது. இவை யாவும் பல்லாண்டுத் தாவரங்கள், அதாவது குளிர்காலத்தில் தண்டும் இலையும் காய்ந்து மடிந்தாலும் மண்ணுக்குள் இருக்கும் வேர்முடி உயிருடன் தங்கி, அடுத்த வசந்தத்தில் புதிதாகத் துளிர்ப்பவை.

குளிர்நாட்டுத் தோட்டங்களில் இச்செடி எளிதில் வளரக்கூடியது என்று பெயர் பெற்றிருக்கிறது. அதே தோட்டங்களில் விலை கொடுத்து வாங்கிய கூம்புப்பூச் செடிகள் இரண்டாம் குளிர்காலத்தைத் தாண்டாமல் அழிந்துபோவதும் உண்டு. இந்த இரண்டுக்குமான விளக்கம் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். மிசிசிப்பி ஆற்றின் இருபுறமும் ஒரு காலத்தில் பரந்துகிடந்த பிரெய்ரி என்னும் புல்வெளியும், அதை ஒட்டிய திறந்த காடுகளும் பாறைத் திட்டுகளுமே இத்தாவரங்களை உருவாக்கின. அங்கே அவற்றுக்கு வாய்த்திருந்தவை எவை, இல்லாதிருந்தவை எவை என்பதை அறிந்துகொண்டவருக்குத் தோட்டத்துப் பராமரிப்பு விதிகளைத் தனியாக மனப்பாடம் செய்யவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

முதலில் பூவின் அமைப்பைப் பார்க்கவேண்டும். பார்வைக்கு ஒரே பூவாகத் தோன்றும் கூம்புப்பூ உண்மையில் சில நூறு சிறுமலர்கள் ஒரே மேடையில் நெருங்கி அமர்ந்த பூங்கொத்தாகும். தாவரவியலில் இதற்குச் சிரமஞ்சரி என்று பெயர். தமிழ்நாட்டின் வரப்பு ஓரங்களில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டின் பூவைப் பிரித்துப் பார்த்தாலும் இதே அமைப்பைக் காணலாம். விளிம்பில் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தொங்கும் ஒவ்வோர் ‘இதழும்’ கதிர்ச் சிறுமலர் எனப்படும் தனித்தனி மலர். எக்கினேசியாவில் இவை விதை தருவதில்லை, தொலைவிலிருந்து பூச்சிகளை வரவழைக்கும் விளம்பரப் பணியை மட்டுமே செய்கின்றன. இனப்பெருக்கம் முழுவதும் கூம்புக்குள் இருக்கும் வட்டுச் சிறுமலர்களிடமே உள்ளது. மகரந்தம் தரும் உறுப்பும் சூலகமும் ஒருசேர அமைந்த அச்சிறுமலர் ஒவ்வொன்றையும் ஒட்டி, நுனி செம்மஞ்சளாகவும் கூர்மையாகவும் இருக்கும் விறைப்பான செதில் ஒன்று நிற்கிறது. சிறுமலரைக் காட்டிலும் உயரமான இச்செதில்கள்தாம் கூம்புக்கு முள்ளம்பன்றியின் தோற்றத்தைத் தருகின்றன. பூ காய்ந்த பின்னரும் உதிராமல் நின்று, கனிகளைக் குளிர்காலம்வரை பிடித்து வைத்திருப்பவையும் இவையே.

இச்சிறுமலர்கள் எல்லாம் ஒரே நாளில் மலர்வதில்லை. கூம்பின் அடிவிளிம்பில் உள்ள வளையம் முதலில் திறக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் மலர்ச்சி உச்சியை நோக்கி வளையம் வளையமாக ஏறுவதால் ஒரே கூம்பு இரண்டு வாரங்களுக்கும் மேலாகப் பூச்சிகளுக்கு உணவளிக்க முடிகிறது. ஒவ்வொரு சிறுமலரின் வாழ்விலும் ஒழுங்கான இரு கட்டங்கள் உள்ளன. முதற்கட்டத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக் குழல்போல் அமைந்த மகரந்தப் பைகள் உள்நோக்கி வெடித்து மகரந்தத்தைக் கொட்ட, குழலுக்குள்ளிருந்து வளர்ந்துவரும் சூலகத்தண்டு அதை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. அடுத்த நாள் அதே சூலகத்தண்டு வெளியே நீண்டு, நுனி இரண்டாகப் பிளந்து, பிறசெடியின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது. ஆண் பகுதி முதலில் முதிர்வதால் இதை ஆண் முன்முதிர்வு என்பர். வண்டுத்தேனீக்கள் எனப்படும் பம்பிள் தேனீக்களும், கூட்டமாக வாழாத பலவகைச் சிறு தேனீக்களும், வண்ணத்துப்பூச்சிகளும் கூம்பைச் சுற்றி நடந்தபடியே உண்பதை உற்றுநோக்கினால், அவை அன்று திறந்திருக்கும் வளையத்தை விட்டு விலகாமல் சுற்றிவருவது தெரியும்.

இத்தனை ஏற்பாடுகளுக்கும் காரணம், எக்கினேசியா தன் மகரந்தத்தால் தானே கருவுறுவதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதாகும். தன்மலட்டுத்தன்மை எனப்படும் இவ்வியல்பு குறுகிய இலைகளைக் கொண்ட அங்குஸ்டிபோலியா இனத்தில் மிகக் கண்டிப்பாகவும், ஊதாக் கூம்புப்பூவில் ஓரளவு தளர்வாகவும் காணப்படுகிறது. மகரந்தம் அதே செடியிலிருந்தோ, மரபணு நிலையில் மிக நெருங்கிய உறவுச் செடியிலிருந்தோ வந்தால் சூலகமுடி அதை ஏற்க மறுக்கிறது. ஏற்றதா மறுத்ததா என்பதை வெறுங்கண்ணாலேயே அறியலாம் என்பது இத்தாவரத்தின் அரிய சிறப்பு: பொருத்தமான மகரந்தம் வந்து சேர்ந்த சூலகத்தண்டு விரைவில் சுருங்கிவிடுகிறது, வராதது பல நாட்கள் விறைப்பாகக் காத்து நிற்கிறது. ஆகவே உச்சிவரை மலர்ந்து முடிந்த கூம்பில் வாடாத சூலகத்தண்டுகள் பல வளையங்களாக நின்றால், அச்செடி பூச்சிகளையோ பொருத்தமான இணைச்செடியையோ காணாமல் பட்டினி கிடந்தது என்று பொருள். விதையிலோ இவ்வேறுபாடு வெளியே தெரிவதில்லை. கருவுற்றாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வட்டுச் சிறுமலரும் ஒற்றை விதைக்கு இடமுள்ள உலர்கனி ஒன்றை உருவாக்கிவிடுவதால், உள்ளே கரு உள்ளதா என்பதை அறிய ஆய்வாளர்கள் அவற்றை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கின்றனர். தனியாக நின்ற ஒரே செடியிலிருந்து விதை சேகரித்து விதைத்தவருக்கு ஒன்றும் முளைக்காமல் போவதற்கு இதுவே முதற்காரணம். பழி பெரும்பாலும் மண்ணின்மீதும் நீரின்மீதும் போடப்படுகிறது.

இந்த இயல்பு காட்டில் எவ்வளவு பெரிய விளைவை உண்டாக்குகிறது என்பதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த நீண்டகால ஆய்வு காட்டுகிறது. சிக்காகோ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் வாகெனியசும் அவருடைய குழுவினரும் அங்குஸ்டிபோலியா இனத்தின் 778 செடிகளை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு 21 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டனர். புல்வெளியின் வெவ்வேறு பகுதிகளுக்கு இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ திட்டமிட்டுத் தீ வைக்கப்பட்டபோது, அதை அடுத்து வந்த கோடையில் பெருந்தொகையான செடிகள் ஒரே ஆண்டில் பூத்தன. அதே ஆண்டுக்குள்ளும் பூக்கும் நாட்கள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தன. வழக்கமான ஆண்டுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்துத் துணையின்றி முடியும் செடிகளுக்குத் தீக்குப் பிந்திய ஆண்டில் அருகிலேயே இணைச்செடிகள் கிடைத்ததால், விதை பிடிக்கும் விகிதம் 55 விழுக்காடும், ஓராண்டில் ஒரு செடி தரும் விதைகளின் அளவு 88 விழுக்காடும் உயர்ந்தன. தீ போட்டிப் புற்களை அகற்றி இடம் தருகிறது என்பதுவரை முன்பே அறியப்பட்டிருந்தது. செடிகள் ஒன்றையொன்று சந்திக்கும் காலத்தையும் தீயே ஒழுங்கு செய்கிறது என்பதை அந்த ஆய்வு எண்களோடு நிறுவியது. 1837இல் ஜான் டியர் உருவாக்கிய எஃகு ஏர் பிரெய்ரியின் கனத்த மண்ணைப் புரட்டத் தொடங்கிய பிறகு உயர்புல் பிரெய்ரியில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் நிலையில், சாலையோரங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் சிறு தீவுகளாக நிற்கும் செடிக்கூட்டங்கள் பூத்தும் விதையின்றிக் குறைந்துவருவது இதனால் புரிகிறது.

தோட்டத்தில் தீ வைக்கத் தேவையில்லை. துணையின்றி நடக்கூடாது என்பதே அங்கிருந்து கற்கவேண்டியது. கடைகளில் ஒரு பெயரில் விற்கப்படும் செடிகள் பல, ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கப்பட்ட நகல்கள் என்பதால், அவற்றுள் பத்தை வாங்கி நட்டாலும் இனப்பெருக்க நோக்கில் அவை ஒரே செடிதான். விதையிலிருந்து முளைத்த ஐந்தாறு செடிகளை ஒன்றிலிருந்து ஒன்று ஏறத்தாழ 45 முதல் 60 சென்டிமீட்டர் தள்ளிக் கூட்டமாக நட்டால் பூச்சிகள் எளிதில் கண்டுகொள்வதோடு, முளைக்கும் திறனுள்ள விதையும் கிடைக்கும்.

இடத் தேர்வில் வெயிலுக்கு மாற்று இல்லை. நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் ஊதாக் கூம்புப்பூ உயிர்வாழும், ஆனால் ஒளியைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். அதன் உறவினங்கள் அந்த அளவு நிழலைக்கூடப் பொறுப்பதில்லை. நிலத்தடியில் இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு இதைவிட முக்கியமானது. ஊதாக் கூம்புப்பூ ஈரப்பதம் சற்று மிகுந்த திறந்த காடுகளிலும் புல்வெளி ஓரங்களிலும் வளர்ந்தது என்பதால், அதன் வேர்கள் கொத்தாகப் பிரியும் நார்வேர்கள். இடம் மாற்றி நடுவதையும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நடுவதையும் அது தாங்கிக்கொள்கிறது. வறண்ட மேற்குச் சமவெளியின் அங்குஸ்டிபோலியாவும், இதழ்கள் மெலிந்து தொங்கும் பாலிடாவும் ஒன்றரை மீட்டருக்கும் கீழே இறங்கும் ஆணிவேரை நம்பி வாழ்பவை. அந்த வேர் அறுபட்டால் மீள்வது அரிது என்பதால் நட்ட இடத்திலேயே அவற்றை விட்டுவிடவேண்டும். எல்லா இனங்களுக்கும் பொதுவான எதிரி குளிர்காலத்து ஈரம். கடுங்குளிரை எளிதில் தாங்கும் இவற்றின் வேர்முடி, உறக்க நிலையில் நீர் தேங்கிய மண்ணில் கிடந்தால் அழுகிவிடுகிறது. ஆகவே களிமண் நிலத்தில் பாத்தியைச் சற்று உயர்த்தி அமைப்பது, உரமிடுவதைக் காட்டிலும் பன்மடங்கு பயன் தரும்.

உரத்தைப் பொறுத்தவரை கைச்சிக்கனமே நன்று. பிரெய்ரியில் இச்செடி தன்னைவிட உயரமான புற்களின் நெருக்கத்துக்கிடையே, கிடைக்கும் சத்தைப் பங்கிட்டுக்கொண்டு வளர்ந்தது. தோட்டத்தில் தழைச்சத்து மிகுதியாகக் கிடைக்கும்போது இலை பெருத்து, தண்டு மென்மையாகி, மழைக்குப் பின் கூம்பின் எடை தாளாமல் மடிந்து விழுகிறது. குட்டைப் புல் வகைகளுடன் கலந்து நடும் தோட்ட வடிவமைப்பாளர்கள், அழகுக்காக மட்டுமன்றி, தண்டுக்குப் பக்கத்துணையாகவும் புற்களைப் பயன்படுத்துகின்றனர் என்பது இங்கே கவனத்துக்குரியது.

விதையிலிருந்து வளர்ப்பவருக்கு விதை உறக்கம் என்னும் தடை எதிர்ப்படும். உயிருள்ள விதை, ஈரமும் வெப்பமும் கிடைத்தும் உடனே முளைக்காமல் காத்திருக்கும் நிலையே விதை உறக்கம். இலையுதிர் காலத்தில் உதிரும் விதை அப்போதே முளைத்துப் பனியில் மடிந்துபோகாமல் இது காக்கிறது. ஊதாக் கூம்புப்பூவில் இவ்வுறக்கம் மேலோட்டமானது என்பதால் பல விதைகள் நேரடியாகவே முளைத்துவிடும். அங்குஸ்டிபோலியாவிலோ அது ஆழமானது. ஈர மணலோடு கலந்து ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசில் பல வாரங்கள் வைத்திருந்தால்தான் உறக்கம் கலைகிறது. அதனுடன் ஒளியும், பழங்களைக் கனியச் செய்யும் எத்திலீன் வாயுவும் சேர்ந்தால் முளைப்பு மேலும் உயர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. குளிர்நாட்டில் வாழும் தோட்டக்காரர் இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிட்டு, மற்றதைக் குளிர்காலத்திடம் ஒப்படைக்கலாம். பெரும்பாலான நாற்றுகள் முதல் ஆண்டில் தரையை ஒட்டிய இலைகளை மட்டும் விட்டு இரண்டாம் ஆண்டில் பூக்கும். புல்வெளியில் அங்குஸ்டிபோலியா பூப்பதற்கு அதைக் காட்டிலும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, பின்னர் பல பத்தாண்டுகள் வாழக்கூடும்.

நெடுங்காலம் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மட்டுமே இருந்த தோட்டக் கூம்புப்பூவின் நிறங்கள் கடந்த கால் நூற்றாண்டில் செம்மஞ்சளாகவும் பவளச் சிவப்பாகவும் பெருகியதற்குப் பாரடாக்சா என்னும் ஓர் இனமே ஊற்றுக்கண். மிசூரி, ஆர்க்கன்சா மாநிலங்களின் ஓசார்க் மேட்டுநிலத்தில் வளரும் இவ்வினத்தின் கதிர்ச் சிறுமலர்கள் மஞ்சள் நிறமானவை. இதைச் சிக்காகோ தாவரவியல் தோட்டத்தின் ஜிம் ஆல்ட் ஊதாக் கூம்புப்பூவுடன் கலந்து உருவாக்கிய கலப்பினங்கள் 2000களின் முற்பகுதியில் சந்தைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றன. பிற வளர்ப்பாளர்களும் அதே வழியில் இறங்கினர். கலப்பினங்கள் நிறத்தோடு சேர்த்துப் பாரடாக்சாவின் ஆணிவேரையும் வறண்ட மண்ணின் மீதான நாட்டத்தையும் பெற்றிருப்பதால், ஈர மண்ணில் ஊதாக் கூம்புப்பூவைப்போல் நடத்தப்பட்டபோது பல வகைகள் நீடிக்கவில்லை. வேர்முடி வலுப்பெறும் முன்பே தொட்டியில் பூக்கவைத்து விற்கும் வழக்கமும் அவற்றின் ஆயுளைக் குறைத்தது.

நிறத்தைக் காட்டிலும் கவலைக்குரியது அடுக்குப்பூ வகைகளின் பெருக்கம். இவற்றில் வட்டுச் சிறுமலர்கள் இதழ்போல் நீண்ட உறுப்புகளாக மாற்றப்பட்டுள்ளன. அந்த மாற்றத்தில் மகரந்தமும் தேனும் குறைந்தோ முற்றிலும் அற்றோ போவதோடு, எஞ்சியவற்றை அடையும் வழியும் அடைபடுகிறது. டெலவேர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் கியூபா மையம் 2018 முதல் 2020 வரை பல கூம்புப்பூ வகைகளைப் பக்கம் பக்கமாக நட்டு, அவற்றை நாடி வரும் பூச்சிகளையும் கணக்கிட்டபோது, அடுக்குப்பூ வகைகளே பூச்சிகளை மிகக் குறைவாக ஈர்த்தன. ஊதாக் கூம்புப்பூவின் எளிய அமைப்பை விட்டு விலகாத வகைகள் நன்றாக ஈர்த்தன. நிறம் எதுவாயினும் கூம்பு கூம்பாகவே இருக்கவேண்டும் என்று தோட்டக்காரர் வலியுறுத்துவது நியாயமானது. விதையும் உணவும் விளையும் இடத்தைப் பறித்துவிட்டு விளம்பரத்தை மட்டும் பெருக்கிய பூ, உயிர்த்தோட்டத்தில் இடத்தை அடைக்கிறதே ஒழிய எதையும் தாங்குவதில்லை.

நோய்களுள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். கூம்பின் செதில்களுக்கிடையிலிருந்து பச்சை இலைக்கொத்துகள் முளைத்து, இதழ்கள் பச்சையாகவே நின்று, பூ உருக்குலைந்து காணப்பட்டால் அது ஆஸ்டர் மஞ்சள் நோய் எனப்படும் தொற்றாக இருக்கக்கூடும். செல்சுவர் இல்லாத நுண்ணுயிரியான ஃபைட்டோபிளாஸ்மா செடியின் உணவுக்குழாய்த் திசுவில் தங்கி, பூவை இலையாக்குகிறது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் அதைச் செடிவிட்டுச் செடி கடத்துகின்றன. தமிழ்நாட்டு உழவர்கள் கத்தரியில் காணும் சிற்றிலை நோயும், எள்ளின் பூக்கள் இலைகளாகத் திரியும் நோயும் இதே வகை நுண்ணுயிரியால், இதே வகைப் பூச்சிகளின் வழியே வருபவை. மருந்து கிடையாது, செடியை வேரோடு பிடுங்கி அகற்றுவதே வழி. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் கூம்பின் உச்சியில் உண்டாக்கும் குஞ்சம் போன்ற உருக்குலைவும் பார்வைக்கு இதையே ஒத்திருக்கும் என்றாலும், அது பூத்தலையில் மட்டும் காணப்படும். அத்தலையை வெட்டி எறிந்தால் போதும்.

எக்கினேசியாவைத் தோட்டம் அறிவதற்கு முன்பே மருத்துவம் அறிந்திருந்தது. லகோட்டா, ஒமாஹா, பாவ்னி முதலிய சமவெளி மக்கள் அங்குஸ்டிபோலியாவின் வேரைப் பல்வலிக்கும் தொண்டைப் புண்ணுக்கும் பாம்புக்கடிக்கும் பயன்படுத்தினர். வேரை மென்றால் நாக்கு சுறுசுறுத்து மரத்துப்போகும். அல்கைலமைடுகள் என்னும் சேர்மங்களால் ஏற்படும் இவ்வுணர்வு, பல்வலிக்குச் சித்த மருத்துவம் பரிந்துரைக்கும் அக்கரகார வேரிலும் அதே குழுச் சேர்மங்களால்தான் உண்டாகிறது. அக்கரகாரமும் ஆஸ்டரேசியே குடும்பத்தது. நெப்ராஸ்காவின் மேயர் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வேரை இரத்தச் சுத்தி மருந்தாக விற்றார். 1930களில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் மடாவுஸ் அங்குஸ்டிபோலியா விதையைத் தேடிச் சென்று ஊதாக் கூம்புப்பூவின் விதையோடு திரும்பியதால் ஐரோப்பிய ஆய்வுகள் பெரும்பாலும் பின்னதைச் சுற்றியே அமைந்தன. இன்று உலகெங்கும் சளிக்காக விற்கப்படும் இம்மருந்துகள்பற்றி 24 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, சளியைக் குணப்படுத்துவதற்கு உறுதியான சான்று இல்லை என்றும், தடுப்பதில் சிறிய பயன் இருக்கக்கூடும் என்றும் முடிவு செய்தது. வேர்ச் சந்தையோ சான்றுக்காகக் காத்திருக்கவில்லை. காட்டுச் செடிகள் வேரோடு தோண்டப்பட்டதால் பல இடங்களில் அவை அருகின.

டென்னசி கூம்புப்பூவின் வரலாறு வேறு வகையானது. நாஷ்வில் நகரைச் சுற்றிய சுண்ணாம்புப் பாறைத் திட்டுகளில், சில அங்குல மண்ணில், மரங்கள் வேரூன்ற முடியாத வெயிலில் மட்டும் வாழும் இவ்வினம் அழிந்துவிட்டதாகவே நெடுங்காலம் கருதப்பட்டு, 1960களின் பிற்பகுதியில் மீண்டும் கண்டறியப்பட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் எல்சி குவார்ட்டர்மன் அப்பாறைத் திட்டுகளின் தாவரங்களை ஆராய்வதிலும் காப்பதிலும் முன்னின்றார். 1979இல் அழிவாபத்துப் பட்டியலில் சேர்க்கப்பட்ட செடி, நிலங்கள் காப்பகங்களாக வாங்கப்பட்டு, புதிய திட்டுகளிலும் விதைக்கப்பட்ட பின், 2011இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. உயரம் குறைந்த, இதழ்கள் மேல்நோக்கி விரியும் இவ்வினத்தைத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் வளமான பாத்தியைத் தவிர்த்துச் சரளை கலந்த, முழு வெயில் படும் மெலிந்த மண்ணைத் தரவேண்டும், ஏனெனில் உயரமான அண்டைச் செடிகளின் நிழலில் அது போட்டியிட்டு வாழ முடியாது. ஊதாக் கூம்புப்பூ நிற்கும் இடத்திலிருந்து அதைத் தொலைவில் நடுவதும் தேவை. எக்கினேசியா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலக்கக்கூடியவை என்பதால், தேனீக்கள் இரண்டுக்குமிடையே பறந்து திரியும் தோட்டத்தில் சேகரித்த விதையை டென்னசி இனத்தின் விதை என்று யாருக்கும் கொடுக்க இயலாது.